இருநூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு பரிந்துரை

அந்தக் கிளை நூலகத்துக்கு நான் மாற்றலாகி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. ஒரு கையில் மாற்றல் ஆணை, மறு கையில் மகள். ஆணை உறைக்குள் பத்திரமாக இருந்தது. மகள் வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பத்து வயது. பழைய பள்ளியையும் பழைய தோழிகளையும் நான்தான் பிடுங்கிக்கொண்டேன் என்று அவளுக்குக் கோபம். அவள் அப்பாவுக்கு வெகு தூரத்தில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். அதனால் கோபம் மொத்தமும் எனக்கே வந்து சேர்ந்தது.

கட்டடம் பழையது. முன்னால் வாசிப்பறை, நடுவில் அலமாரிகள், பின்னால் ஓர் உள்ளறை. உள்ளறை ஒரு காலத்தில் குழந்தைகள் பகுதியாம். கூரை ஒழுகியதால் புத்தகங்களை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அங்கே இரண்டு குட்டை நாற்காலிகளும், ஈரச் சுவரின் வாசனையும், துருப்பிடித்த பூட்டோடு ஒரு பின்கதவும்தான் மிச்சம். அந்தப் பூட்டின் சாவி தொலைந்து பல வருஷமாகிறது என்றார் உதவியாளர்.

உதவியாளர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை மேடம் என்றார். முதல் நாளே அவரை நான் நம்பவில்லை. அவர் தப்பாக எதுவும் செய்துவிடவில்லை, நான் யாரையுமே முதல் நாளில் நம்புவதில்லை. இரண்டாம் நாளும் யோசித்துத்தான் நம்புவேன்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை நூலகத்துக்கு இடைவேளை. அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கொண்டுவந்ததைச் சாப்பிட்டு, மேசைமேல் தலை சாய்த்துக் கொஞ்சம் தூங்குவேன். பல வருஷப் பழக்கம். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிதோறும் ஒரு தாள் வெளியிடுவார்கள். வந்திருக்கும் புதுப் புத்தகங்கள், விடுமுறை அறிவிப்பு, கடைசியில் வாசகர் பரிந்துரை. அந்தப் பரிந்துரையில் பெயரே வராது, உறுப்பினர் எண் மட்டும்தான். ‘118-க்கு. கிணறு வெட்டிய குடும்பத்தின் கதை. கடைசி அத்தியாயத்தைப் பேருந்தில் படிக்காதீர்கள், அழுகை வரும். – 305.’ இப்படி. வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் சீட்டு எழுதிப் போட வேண்டும். வியாழன் மாலை நான் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைத் தட்டச்சு செய்து, நகல் எடுக்கும் கடைக்கு அனுப்ப வேண்டும். அந்த 118-ம் 305-ம் ஒரு வருஷம் ஒருவருக்கொருவர் புத்தகம் சொல்லியே கல்யாணம் செய்துகொண்டார்களாம். அக்கா சொல்லிச் சிரித்தார். யாருக்குச் சொல்லப்பட்டதோ அவர் எண்ணெழுதிய சீட்டோடு அந்தப் புத்தகம் தனி அலமாரியில் காத்திருக்கும்.

எண் ஒன்று நூலகருடையது. நாற்காலியில் யார் உட்காருகிறாரோ அந்த அட்டை அவருக்கு.

இரண்டாவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன். மகளுக்கு உறுப்பினர் அட்டை போடப் பதிவேட்டை எடுத்தேன். உறுப்பினர் ஊரைவிட்டுப் போனாலோ இறந்தாலோ அந்த வரியில் சிவப்புக் கோடு போடுவோம். கோடு போட்ட எண்ணை யாருக்கும் மறுபடி கொடுக்கக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 211-க்கும் 213-க்கும் நடுவே ஒரு வரி காலியாக இருந்தது. பெயரும் இல்லை, கோடும் இல்லை. காலி வரியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் விரல் வைப்பதும் அங்கேதான். யாரோ எழுத மறந்திருப்பார்கள் என்று நினைத்து மகளின் பெயரை அதில் எழுதினேன்.

மை பரவியது. அந்த இடத்தில் காகிதம் மெலிந்திருந்தது. யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தும் மேலே எழுதி முடித்தேன்.

அந்த வியாழன் பெட்டியில் ஏழு சீட்டுகள். கடைசிச் சீட்டு இது:

‘212-க்கு. மீன்களைப் பற்றிய பெரிய படப் புத்தகம். பல் வலிக்கும்போது எழுத்து ஏறாது, படம் பார்த்தால் போதும். – 1.’

நான் எழுதவில்லை. ஆனால் எழுத்து என்னுடையது போலவே இருந்தது. நூலகப் பயிற்சியில் எங்களுக்கு அட்டை எழுத்து என்று ஒன்று சொல்லித் தருவார்கள். எழுத்துகள் நிமிர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை. கடைசியாகக் கற்றுக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இது யார் போட்டது?”

“நீங்கதானே மேடம் போட்டிருக்கீங்க. ஒண்ணாம் நம்பர் உங்களுது.”

“நான் போடல.”

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு செய்தித்தாள்களை மடிக்கப் போய்விட்டார். வாயை மூடிக்கொள்கிறவர்கள்மேல் எனக்கு இன்னும் அதிகமாகச் சந்தேகம் வரும்.

அந்தச் சீட்டை நான் தட்டச்சு செய்யவில்லை. கிழித்துக் குப்பையில் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை நகல்கள் வந்தன. கடைசி வரியாக அதுவும் அச்சாகியிருந்தது.

கணினியைத் திறந்து பார்த்தேன். அந்த வரி அதிலேயே இருந்தது. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம் முந்தின நாள் மதியம் ஒன்று நாற்பது. பெட்டியை நான் திறப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பு. கதவு உள்ளே தாழிட்டிருந்த நேரம். சாயங்காலம் தட்டச்சு செய்யும்போது கோப்பின் கடைசிவரை நான் பார்க்காமல் விட்டிருக்கலாம். அப்படியும் சேமித்த நேரம் மாறியிருக்க வேண்டும். எத்தனை கூட்டிக் கழித்தாலும் கணக்கு உதைத்தது.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் மாறி வந்த பிறகு அதுதான் முதல் தடவை. மறு கையில் மீன் புத்தகம்.

“தேங்க்ஸ்மா.”

“எதுக்குடா?”

“பல்லு வலிக்குதுன்னு நான் சொல்லவே இல்ல. நீயா கண்டுபிடிச்சிட்ட.”

அது நான் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சின்னக் கை என் கையில் இன்னும் கொஞ்ச தூரம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மறுநாள் பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கடைவாய்ப் பல்லில் சொத்தை. மகளுக்குப் பல் வலி என்பதுகூடத் தெரியாத அம்மாவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அடுத்த சீட்டு.

‘212-க்கு. தனியாகப் படகு ஓட்டிப் போன சிறுமியின் கதை. வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்றால் இதைப் பக்கத்தில் வைத்துக்கொள். – 1.’

இதையும் நான் தட்டச்சு செய்யவில்லை, இதுவும் தாளில் வந்தது, மகள் படகுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். இப்போது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பேய் பிசாசு என்று இல்லை. யாரோ ஒரு மனிதர் என் மகளைக் கவனிக்கிறார். அவள் பல்லைப் பிடித்துக்கொள்வதை, அவள் தனியாக நடந்து வருவதை, என்னைவிட உன்னிப்பாகப் பார்க்கிறார். அவளைத் தன் பக்கம் இழுக்க என் எழுத்தைக் கடன் வாங்குகிறார். பெற்றவளுக்கு இதைவிட வேறென்ன பயம் வேண்டும்.

ஒவ்வொருவராகச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அக்காவின் பையை அவர் இல்லாதபோது திறந்து பார்த்தேன். கண்ணாடிக் கூடும் மாத்திரை அட்டையும்தான் இருந்தன. பெட்டிக்குப் பக்கத்திலேயே தினமும் உட்காருகிற ஓய்வுபெற்ற தபால்காரரைப் பார்த்தேன். செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படிக்கிறவர். ஊரில் அவரைப் ‘பேப்பர் சார்’ என்பார்கள். என் மகள் வந்தால் பேப்பரைத் தாழ்த்தி அவளையே பார்ப்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் மகள் பதிலும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். ‘1-க்கு’ என்று ஆரம்பித்து அவள் பெட்டிக்குள் சீட்டு போடுவதை நானே பார்த்தேன். வியாழன் திறந்தபோது அவள் சீட்டு ஒன்றுகூட இல்லை.

பேப்பர் சாரிடம் நேராகவே போய் நின்றேன்.

“சார், பெட்டியிலேர்ந்து என் பொண்ணு சீட்டை நீங்கதான் எடுக்கிறீங்களா?”

அவருக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“இல்ல மேடம். அது போக வேண்டிய இடத்துக்குப் போகுது. நாப்பது வருஷம் தபால் கொடுத்தவன், எனக்குத் தெரியும்.”

“புரியிற மாதிரி சொல்லுங்க.”

“ரெண்டு பன்னிரண்ட யார் உங்கள எடுக்கச் சொன்னாங்க?”

அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எனக்கு முன்பு இருந்தவருக்கும் முன்பு இங்கே ஒரு நூலகர் இருந்தார். அவருடைய மகளின் எண் 212. ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அம்மா வேலை முடிந்து வரட்டும் என்று உள்ளறையில் காத்திருந்த பிள்ளை, மூன்று நாள் மாலையும் காய்ச்சலோடு அங்கேயே காத்திருந்திருக்கிறாள். காய்ச்சல் அம்மாவுக்குத் தெரியவில்லை. வேலை அப்படி. பிறகு அந்த வரியில் சிவப்புக் கோடு போட அவரால் முடியவில்லை. வேறு யாரும் போட்டுவிடக் கூடாது என்று பெயரையே சுரண்டிவிட்டார்.

“அதுக்கப்புறம் பதினோரு வருஷம் வாராவாரம் தாள்ல ரெண்டு பன்னிரண்டுக்கு ஒரு புத்தகம் வரும். அலமாரியில காத்துட்டு இருக்கும். யாரும் எடுக்க மாட்டாங்க. நாங்களும் யாரும் கேக்க மாட்டோம்.”

“அவங்க இப்ப எங்க?”

“நீங்க உக்கார்ற நாற்காலியிலதான் போனாங்க. மத்தியானம், மேசைமேல தலைய சாச்சபடி. தூங்கறாங்கன்னே நெனைச்சோம்.”

பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார்.

“இத்தன வருஷத்துல இப்பதான் அந்தப் புத்தகத்த ஒருத்தங்க எடுத்துட்டுப் போறாங்க.”

நான் நம்பவில்லை. கதையை நம்பவைத்துவிட்டுத் தான் தப்பிக்கிற ஆளாகவும் இருக்கலாம். சனிக்கிழமை இடைவேளையில் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். பெட்டியின் வாய்மேல் காகிதப் பட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். முன்கதவைத் தாழிட்டேன். உள்ளறையின் பின்கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தேன், துருதான் கையில் ஒட்டியது. மகள் சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் பக்கத்து வீட்டில் இருப்பாள், அந்தக் கவலை இல்லை. நான் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்தேன். தூங்கக் கூடாது.

ஒன்றரை மணி. வெளியே வெயில் கொளுத்தியது. மின்விசிறி நின்றுவிட்டது. எங்கோ பசை காய்கிற வாசனை வந்தது. புத்தகம் ஒட்டும் பசை. நான் வந்த நாளிலிருந்து அங்கே பசை டப்பா திறந்ததே இல்லை.

கண் அசந்தது ஒரு நிமிடம்தான் இருக்கும்.

டக்.

தேதி முத்திரை குத்துகிற சத்தம். என் வாழ்க்கையில் லட்சம் தடவை கேட்டிருப்பேன்.

டக்.

தலையை நிமிர்த்தினேன். முத்திரை என் மேசையில்தான் இருந்தது. அதன் ஊதா மைப்பெட்டி திறந்திருந்தது.

உள்ளறையிலிருந்து பேச்சுக் குரல் வந்தது. யாரோ படித்துக் காட்டுகிற தொனி, ஏற்ற இறக்கத்தோடு. வார்த்தை புரியவில்லை. அலமாரிகளுக்கு நடுவே நடந்தேன். நான் கிட்டே போகப் போகக் குரல் அடங்கிக்கொண்டே வந்தது.

கதவைத் தள்ளினேன்.

என் மகள் குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இன்னொரு நாற்காலி. முழங்கால் தொடுகிற தூரத்துக்கு இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதில் யாரும் இல்லை. படகுப் புத்தகம் மட்டும் விரித்தபடி இருந்தது.

அவள் திரும்பவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நிறுத்தாதம்மா. இன்னும் ரெண்டு பக்கம்தான் இருக்கு.”

அந்த ‘அம்மா’ எனக்கு இல்லை.

அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். தூங்கி எழுந்தவள் மாதிரி கண்ணைக் கசக்கினாள்.

“எப்படிடீ உள்ள வந்த?”

“நீதானே வரச் சொன்ன.” பாவாடைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தாள். “புத்தகத்துக்குள்ள வெச்சிருந்தியே.”

‘212-க்கு. சனிக்கிழமை அரை நாள்தானே. மீதியை நானே படித்துக் காட்டுகிறேன். பின்கதவு திறந்திருக்கும். இந்தத் தடவை உன்னைக் காக்க வைக்க மாட்டேன். – 1.’

பின்கதவு திறந்திருந்தது. பூட்டு கொக்கியில் தொங்கியது, உடையாமல், முறைப்படி திறக்கப்பட்டு. பெட்டியின் வாயில் நான் ஒட்டிய காகிதப் பட்டை அப்படியே இருந்தது.

மகளை வாசலில் பேப்பர் சாரிடம் விட்டேன். அவர் மூன்று மணிக்காகத் தினமும் வெயிலில் காத்திருக்கிறவர். அவரைச் சந்தேகப்பட்ட நானே அவளை அவரிடம் ஒப்படைத்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. உள்ளே வந்து பதிவேட்டைத் திறந்தேன். வழி ஒன்றுதான். 212-ஐ ரத்து செய்ய வேண்டும். சிவப்புப் பேனாவை எடுத்தேன், அளவுகோலை வைத்தேன்.

என் மகளின் பெயர் அளவுகோலுக்கு மேலே தெரிந்தது.

எத்தனையோ நூறு பெயர்களுக்குக் கோடு போட்டவள் நான். கை தயங்கியதே இல்லை. இப்போது பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றுவிட்டது. என்னால் முடியவில்லை. உயிரோடு வாசலில் நிற்கிற பிள்ளையின் பெயருக்கே முடியவில்லை என்றால் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரம் அவள்மேல் எனக்குப் பயம் இல்லை, பாவமாகத்தான் இருந்தது. அதே பரிதாபத்தோடு மேசை இழுப்பறையிலிருந்து பிளேடை எடுத்து, அவள் செய்ததையே நானும் செய்தேன். எழுத்து எழுத்தாகச் சுரண்டி எடுத்தேன். கடைசி எழுத்தில் காகிதம் கிழிந்து ஓட்டை விழுந்தது.

மகளுக்குப் புது எண் கொடுக்கவில்லை. எண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வேண்டிய புத்தகத்தை என் அட்டையில், எண் ஒன்றில், எடுத்துக்கொள்ளட்டும். மரப்பெட்டியைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். வாசகர்கள் முணுமுணுத்தார்கள். அக்காவைக் கூடவே நிற்கச் சொல்லி, பின்கதவுக்குப் புதுப் பூட்டுப் போடவைத்தேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன், எதற்கு என்று சொல்லாமல். அவரும் கேட்கவில்லை.

மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. பதிலாக அவள் சொன்ன அம்மாவாகவே ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். தினமும் மாலை வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் படித்துக் காட்டினேன். அவள் என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு கேட்டாள். புது வகுப்பில் ஒரு தோழியும் கிடைத்தாள். மூன்று வாரம் சீட்டு எதுவும் வரவில்லை. தாளில் புதுப் புத்தகப் பட்டியலும் விடுமுறை அறிவிப்பும் மட்டும் வந்தன. நான் இடைவேளையில் தூங்குவதை நிறுத்தியிருந்தேன். அதனால் ஞாயிறு மதியங்களில் வீட்டில் அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

நேற்று திங்கட்கிழமை. மாலை வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்தோம். என் அட்டையில் எடுத்து வந்திருந்த புதுக் கதைப் புத்தகம். சனிக்கிழமை விட்ட இடத்தைத் தேடி எடுத்து ஆரம்பித்தேன்.

“இது படிச்சாச்சும்மா,” என்றாள்.

“எப்ப? இங்கதானே விட்டோம்.”

“நேத்து மத்தியானம் படிச்சியே. அடையாளம் பாரு.”

இருபது பக்கம் தள்ளி ஒரு சீட்டு செருகியிருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. ஓரத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

என் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன். ரேகைக்குள் ஊதா மை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலகம் விடுமுறை. முத்திரையை நான் தொடவே இல்லை. திங்கட்கிழமை முழுக்க அக்காதான் முத்திரை குத்தினார்.

“நேத்து நான் தூங்கிட்டில்ல இருந்தேன், குட்டி.”

“ஆமா, கண்ண மூடிட்டுத்தான் படிச்ச.” சிரித்துக்கொண்டே என் மடியில் காலை நீட்டினாள். “குரல் மாத்தி மாத்தி எவ்ளோ அழகா படிச்ச தெரியுமா. இப்ப படிக்கிற மாதிரி இல்ல.”

நான் புத்தகத்தைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். பசை வாசனை வந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டி, மெதுவாக, என் இமைகளைக் கீழே இழுத்து மூடினாள்.

“அப்படியே படிம்மா,” என்றாள்.